கங்காணியும் முகவரும்

கடன்பட்டு வேலைக்கு வருபவன் தொழிலாளியா, பிணைக்கைதியா? இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. அம்பாங்கில் என் இல்லத்தருகே உள்ள உணவகமொன்றில் பணிபுரியும் தமிழக இளைஞர் ஒருவர், “முதல் வருசச் சம்பளம் ஏஜெண்டுக்காகப் பட்ட கடனுக்கே சரியாப் போச்சு, சார்” என்றார். முதலாளியிடம் முறையிடவில்லையா என்றேன். “அது உனக்கும் ஏஜெண்டுக்கும் உள்ள விசயம்னுட்டாரு” என்றார்.

இவ்விடை நம்மவர்க்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத்திற்கு வந்த என் பூட்டனாரும், கங்காணி கொடுத்த முன்பணத்தைச் சுமந்தே கப்பலேறினார் என எம் வீட்டார் கூறுவர். பற்றெழுதியவன் கங்காணி, பயன் துய்த்தது கம்பெனி. இடையில் ஒருவன் நின்றமையால் மேலிருந்தோர் கை கறைபடாததுபோல் தோன்றிற்று.

அத்தோற்றத்தைக் களைவதே, பேராசிரியர் ஜான் ரக்கி வகுத்து, 2011 ஜூன் 16 அன்று ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகளின் தனிச்சிறப்பு. நெறிகள் 31, தூண்கள் மூன்று. மனித உரிமையைக் காப்பது அரசின் கடமை. அதனை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பாதிக்கப்பட்டோர்க்குத் தீர்வு கிட்டுதல் வேண்டும். தன்னோடு வணிகத் தொடர்புடையோர் இழைக்கும் தீங்கையும் நிறுவனம் ஆராய்ந்தறிந்து தடுக்க முயலவேண்டும். ‘முகவர் செய்தார், யாம் அறியோம்’ என்பது இனி விடையாகாது.

ஆயினும் இந்நெறிகள் சட்டமல்ல. கிள்ளானில் பெருந்தொழிற்சாலைகளைக் கொண்ட டாப் கிளவ் நிறுவனத்தின் கையுறைகளுக்கு 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை வாயிலடைத்தது. கட்டாய உழைப்பும் கடன் பிணைப்பும் காரணமாகக் கூறப்பட்டன. அதன்பின் அந்நிறுவனம், தொழிலாளர் முகவர்க்குக் கட்டியிருந்த கட்டணத்திற்கு ஈடாக 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பியளித்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கிற்று. வாயில் அடைபடாதிருந்தால் அப்பணம் திரும்பியிருக்குமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் தாமே கேட்டனர். கூலி உயர்வோடு, துரைமார் எதிரே மிதிவண்டியைவிட்டு இறங்கும் இழிவழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ‘மதித்தல்’ என்னும் சொல்லின் பொருளை, ஐ.நா. நெறிகள் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகட்கு முன்பே அவர்கள் உணர்த்திவிட்டனர்.

கேட்பார் உள்ளவரையே நெறி உயிர்வாழும். அன்று கேட்டவர் வழிவந்த நாம், இன்று பொருளை வாங்குவோராகவும் ஆட்களை வேலைக்கமர்த்துவோராகவும் இருக்கின்றோம். விலையைக் கேட்கும் நம் வாய், அதனைச் செய்தவன் கடனையும் சேர்த்துக் கேட்குமாக!