குளச்சலில் தோற்ற டச்சுக்காரர்களுக்கு ராஜா யார்?

குளச்சல் கடற்கரையில் இன்றும் ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவு அது. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால், மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்ற டச்சு ராஜா யார் என்று கேட்டால் பதில் வராது. காரணம், அப்படி ஒரு ராஜாவே அப்போது இல்லை.

வந்தது மிளகு வாங்கும் கம்பெனியின் படை. நெதர்லாந்து ஏழு மாகாணங்கள் சேர்ந்த குடியரசு. 'ஆரஞ்சு' என்ற இளவரசர் குடும்பத்தில் ஒருவரைத் தலைமை ஆளுநராக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். (பழத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. தெற்கு பிரான்ஸில் அவர்களுக்கு இருந்த சின்ன சமஸ்தானத்தின் பெயர் அது.) 1702-ல் மூன்றாம் வில்லியம் பிள்ளை இல்லாமல் இறந்ததும், ஹாலந்து உள்ளிட்ட பெரிய மாகாணங்கள் அந்த நாற்காலியைக் காலியாகவே போட்டுவிட்டன. 45 வருஷம்!

வாரிசு இல்லாமல் இல்லை. உறவுக்காரரான ஜான் வில்லியம் ஃப்ரிஸோவுக்குத்தான் இளவரசர் பட்டம் வந்தது. 1711 ஜூலையில் படகில் ஆற்றைக் கடக்கும்போது அவர் மூழ்கி இறந்தார். வயது 23. கர்ப்பமாக இருந்த மனைவி மரியா லூயிஸாவுக்கு ஏழு வாரம் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. அப்பா முகம் பார்க்காத அந்தப் பிள்ளைதான் நான்காம் வில்லியம். அவனுக்காக இருபது வருஷம் அந்தத் தாய்தான் பொறுப்பைச் சுமந்தார். ஊர் ஜனங்கள் அவரை 'மரிக்கே அத்தை' என்றே கூப்பிட்டார்கள். குளச்சல் சண்டை நடந்தபோது வில்லியமுக்கு வயது 29. ஏழில் மூன்று மாகாணங்கள் மட்டுமே அவர் கையில்.

இங்கேயும் அதே காலத்தில் வாரிசுப் பிரச்னைதான் வேறு உருவத்தில் நடந்துகொண்டிருந்தது. வேணாட்டு அரச குடும்பத்தில் மருமக்கள் வழி. மாமா ஆண்ட நாடு தங்கை மகனுக்குப் போகும், சொந்த மகனுக்கு இல்லை. அப்படித்தான் 1729-ல் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். இறந்த ராம வர்மாவின் பிள்ளைகள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை ஏற்கவில்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். கடைசியில் தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள்.

வென்றவருக்குத் தூண் இருக்கிறது. தோற்ற பிள்ளைகளை நினைவில் வைத்திருப்பது 'தம்பிமார் கதை'. ராஜாவின் மகனாகப் பிறந்தும் ராஜ்ஜியம் கிடையாது என்ற அந்த வருத்தத்தை வரலாற்றுப் புத்தகம் ஒரே வரியில் தாண்டிவிடும். கதைப்பாடலால் அப்படித் தாண்ட முடியவில்லை.

நெதர்லாந்தில் 1747-ல் பிரெஞ்சுப் படை நுழைந்தது. பயந்துபோன ஜனங்கள் ஆரஞ்சு குடும்பத்தைத் தேடினார்கள். நான்காம் வில்லியம் ஏழு மாகாணங்களுக்கும் தலைவரானார். பதவி பரம்பரையானது, பெண் வழிக்கும் செல்லும் என்றார்கள். நான்கே வருஷத்தில் அவர் இறந்தார். மகனுக்கு அப்போது மூன்று வயது. மறுபடியும் பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள், முதலில் அம்மா, பிறகு அதே மரிக்கே அத்தை. அந்தக் குடும்பம் அரச பட்டம் பெற்றது 1815-ல்தான். பிறகு 1890 முதல் 2013 வரை தொடர்ந்து மூன்று ராணிகள்.

குளச்சலில் பிடிபட்ட டிலனாய், இன்று பிரான்ஸில் இருக்கும் அராஸ் ஊரில் பிறந்தவர். கம்பெனிச் சம்பளத்துக்கு வந்தவர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலைக்குச் சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, தளபதியாக உயர்ந்தார். மார்த்தாண்ட வர்மாவுக்குப் பிறகு அவருடைய மருமகன் தர்மராஜாவிடமும் வேலை பார்த்தார். 1777-ல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. மனைவியும் மகனும் அங்கேயே. கல்லறை எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது.