காட்டுப் பிரம்பும் கடைப் பட்டையும்

மிரி நகரத்திலிருந்து முலுவுக்கு ஒழுங்கான சாலை கிடையாது. சின்ன விமானம் ஒன்று அரை மணி நேரத்தில் காட்டு நடுவே இறக்கிவிடுகிறது. போர்னியோத் தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்து மழைக்காடு. 2000இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வருகிறவர்கள் குகை பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் அந்தி நேரத்தில் மான் குகை வாயிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் கிளம்புவதைக் கழுத்து வலிக்கப் பார்த்தேன். ஆனால் அதைவிட என்னை அதிகம் நிற்கவைத்தவை கூடைகள்.

மெலினாவ் ஆற்றில் நீளப் படகில் வேறு குகைகளுக்குப் போகும் வழியில் பத்து புங்கான் என்ற பெனான் குடியிருப்பு இருக்கிறது. காலையில் பெண்கள் அங்கே கைவினைச் சந்தை விரிக்கிறார்கள். பெனான்கள் நேற்றுவரை காட்டில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். சாகோ மாவும் ஊதுகுழல் வேட்டையும் அவர்களுக்குச் சோறு. முதுகில் சுமக்கும் பிரம்புக் கூடைக்குள்தான் வீட்டுச் சாமான் முழுவதும். அந்தக் கூடைகள் இங்கே இருந்தன: கறுப்புச் சாயமேற்றிய பிரம்பு வரிகள், இம்மி பிசகாத கோணங்கள். பக்கத்திலேயே அதே வடிவம், அதே கோணம், ஆனால் கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலும் பச்சையிலும். தொட்டால் பிளாஸ்டிக். சரக்குப் பெட்டிகளை இறுக்கிக் கட்டுகிற பட்டை!

எங்கள் வீட்டு ஒயர் கூடை நினைவுக்கு வந்தது. அதில் முடிச்சுதான் எல்லாம். இதில் முடிச்சே இல்லை. பட்டைகள் குறுக்கும் மறுக்குமாகப் புகுந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பின்னிக்கொண்டிருந்த அம்மாளின் கண்கள் என் மேல் இருந்தன, விரல்கள் தம் வேலையைப் பார்த்தன.

“பழைய பட்டையா, கடையில் வாங்கியதா?” படகுக்காரர் மலாயில் கேட்டுச் சொன்னார்.

“ரெண்டும்தான். பிரம்புக்குப் போனா பொழுதே போயிடும். பட்டையில முள் கிடையாதே!”

சிரித்துக்கொண்டே சொன்னாலும், முள் மட்டும் காரணமில்லை. பிரம்பு கொடியாகப் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் பனையினம். மரம் சாய்ந்தால் அதுவும் போயிற்று. 1980களில் சரவாக் காடுகளில் மரம் வெட்டும் நிறுவனங்கள் வேகமாக உள்ளே புகுந்தன. 1987இல் பெனான்கள் லாரிப் பாதைகளில் மறியல் செய்தார்கள். பாதையை மறிப்பதைக் குற்றமாக்கி அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. வெட்டிய பகுதிகளில் நல்ல பிரம்பு தேடி வெகுதூரம் நடக்க வேண்டியதாயிற்று. நடந்து கொண்டுவந்தாலும் உறை நீக்கி, கீறி, ஒரே அகலமாகச் சீவி, உலர்த்த வேண்டும்.

இந்தப் பட்டைக் கூடைகளைப் பார்த்துக் குப்பையைக் கலையாக்கிவிட்டார்கள் என்று பாராட்டுவது எளிது. எனக்கென்னவோ அந்தப் பாராட்டு அரைகுறையாகத்தான் படுகிறது. கடையில் புதுச் சுருளாக வாங்கிய பட்டையில் மறுசுழற்சி எங்கே இருக்கிறது? பொருள் கைவிட்டுப் போனபோதும் பின்னலைக் கைவிடாமல் மகள்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. இந்த ஈரக்காட்டில் பிரம்பு பூஞ்சை பிடிக்கும். பட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். அதனால் பட்டைக் கூடை வெளியூராருக்கென்று மட்டும் பின்னுவதல்ல, அவர்களே முதுகில் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

நான் மஞ்சள் கூடையை எடுத்தேன். “மீன் வாங்கவா, புத்தகம் வைக்கவா?” என்று கேட்டாராம் அம்மாள். புத்தகம் என்றேன். மஞ்சளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு மடங்கு விலையுள்ள பிரம்புக் கூடையை என் பக்கம் நகர்த்தினார்.