செனோபோனின் எரிச்சல்

பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் செனோபோனுக்குப் பாரசீகர்கள்மேல் பல கோபங்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது, கட்டிலில் விரிப்பதைவிட அதிகமாகக் குதிரைமேல் விரிக்கிறார்களே என்பது. சவாரியில் அக்கறை போய்விட்டது, மெத்தென்று உட்கார்ந்தால் போதும் என்றாகிவிட்டதாம். பாரசீக மன்னன் சைரஸை வாயாரப் புகழ்ந்த நூலின் கடைசிப் பகுதியில், பின்னால் வந்தவர்களை இப்படி வாரிவிடுகிறார்.

திட்டுவதற்கு அவருக்குத் தகுதி உண்டு. குதிரைப்படை அனுபவம் உள்ளவர். குதிரையேற்றத்துக்கென்றே தனி நூல் எழுதியவர். அன்றைய கிரேக்கனுக்கு மரச்சட்டச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. வெறும் முதுகோ, ஒரு துணியோதான். அதிலும் நாற்காலியில் அமர்வதுபோல் அமரக் கூடாது, கால்களை அகட்டி நிற்பவனைப்போல் இருக்க வேண்டும் என்கிறார். அதே மனிதர், நூலின் முடிவில் போர்க்குதிரைக்குக் கவசம் பூட்டும்போது, வீரன் வழுக்காமல் இருக்கவும் குதிரையின் முதுகு புண்ணாகாமல் இருக்கவும் துணியை நன்றாகத் தைக்கச் சொல்கிறார். கண்டிப்பான பெரியவர்கள் தமக்கென்று ஒரு சின்னக் கதவைத் திறந்துதான் வைப்பார்கள்.

அந்தத் துணி எந்த நாரில் ஆனது? அதை அவர் சொல்லவில்லை. இன்று பழைய முறை மாறாமல் தாவர நாரில் சேணத்துணி நெய்கிறவர்களுக்கு இதுதான் தலைவலி. ஆளிச் செடியின் தண்டை ஊறவைத்து, உலர்த்தி, அடித்து, சீவி, நூற்கலாம். எதைப் பார்த்து நெய்வது?

மண்ணிடம் கேட்டால் அது ஓரவஞ்சனை செய்கிறது. டென்மார்க்கின் புளித்த சதுப்புகள் கம்பளியை விட்டுவைத்துத் தாவர நாரைத் தின்றுவிடும். அல்தாய் மலையின் பாசிரிக் கல்லறைகளில் பனி உறைந்து காத்துக் கொடுத்தவையும் பெரும்பாலும் கம்பளியை அழுத்திச் செய்த நமுதாவில் ஆன சேண விரிப்புகளே. அருங்காட்சியகத்தில் எப்போதும் ஆடுதான் ஜெயிக்கிறது. விதிவிலக்காக, டென்மார்க்கின் லூசெஹோய் மேட்டில் ஒரு வெண்கலக் கலசம், எலும்புகளைச் சுற்றிய துணியைச் சுமார் 2800 ஆண்டுகள் காப்பாற்றியது. அதுவும் ஆளி இல்லை. அது நெட்டில் என்கிறது 2012இல் வெளியான ஆய்வு. நம் செந்தட்டிபோல், தொட்டால் சுரீரென்று அரிக்கும் செடி!

நமக்கும் இதே கதைதான். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளின் அலங்காரத்தைச் சிற்பி சலிக்காமல் செதுக்கியிருக்கிறான். ஆனால் கல்லுக்குப் பருத்தியும் ஒன்றுதான், கம்பளியும் ஒன்றுதான்.

ஆகவே, இம்மி பிசகாத சரித்திரத் துணி என்று யாராவது மார்தட்டினால் நான் கொஞ்சம் சிரித்துக்கொள்வேன். மண் தின்றது போக மிஞ்சியதைத்தான் அவர்கள் நகலெடுக்கிறார்கள். முதுகு புண்ணாகக் கூடாது என்று செனோபோன் சொன்னதை மட்டும் இன்றைக்கும் சோதித்துப் பார்க்கலாம்: ஒரு நாள் சவாரி முடிந்ததும் துணியை எடுத்துவிட்டு முதுகைத் தடவிப் பார்ப்பது. புண் இருந்தால், நார் எவ்வளவு புராதனமானாலும் அந்தத் துணி தப்பு.