எங்கள் வீட்டுப் பாடகர்

மாமாவைப் பற்றி எழுதும்படி ராத்தா நெடுநாளாக என்னை வற்புறுத்தி வருகிறார். "ஊரெல்லாம் பேர் எடுத்த மனுசன். அவரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லையே தம்பி" என்பது அவரது ஆதங்கம். மௌலவி ஒருவர் பாடகரைப் பற்றி எழுதுவதா என்று சில சகோதரிகள் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்று எங்கள் ஊர். உம்மாவின் மூத்த சகோதரரான மாமா, நீராவிப்பிட்டி முதல் வவுனியா பட்டாணிச்சூர் வரை முஸ்லிம் கலியாண வீடுகளில் அறியப்பட்டவர். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பாடல்களை அப்படியே பாடுவார். கையில் ஒரு றபான், அவ்வளவுதான். மாமாவுக்கு ஓய்வான நாள் எது என்று கேட்டுக்கொண்டு கலியாணத் தேதி வைத்தவர்களும் உண்டு.

அந்தக் கலியாணப் பாட்டுகளை நாங்கள் கேட்டது குறைவு. அவர் பாடத் தொடங்கும் நேரத்தில் சிறுவர்கள் பாயில் சுருண்டிருப்போம். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கிணற்றடிப் பாட்டு. மாமியின் வீடு அடுத்த வளவு. துலாக் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து, ஒரே ஒரு வரியை எடுத்துப் பத்துத் தடவை, பதினைந்து தடவை பாடுவார். முழுப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்ட எங்களுக்கு அது பெரிய தொல்லை. குசினிக்குள் அப்பம் சுட்டுக்கொண்டிருக்கும் சாச்சி, "நானா, அந்த இடம் இன்னும் இறங்க வேணும்" என்பார். மாமா கோபிக்க மாட்டார். மீண்டும் பாடுவார். சாச்சி நான்கு பேர் முன்னால் வாய் திறந்து பாடியவரல்ல. ஆனாலும் அவர் 'இப்பச் சரி' என்று சொல்லாத பாட்டு எந்தக் கலியாண வீட்டுக்கும் போனதில்லை. மாமாவின் தொண்டைக்குக் காவல் உம்மும்மா. கொத்தமல்லித் தண்ணீர், வாயில் அடக்கிக்கொள்ள மிளகும் கற்கண்டும். பாட்டுக்குப் போகும் நாளில் தயிர்ச் சட்டி கண்ணிலேயே படாது.

எங்களுக்கு அவர் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்று. முதுகில் உள்ளங்கையை வைத்து, "மூச்சு முடியுமுன் சொல்லை முடி. சொல்லை நடுவில் அறுக்காதே" என்பார்.

காலையில் திருச்சி வானொலியில் ஷெனாய் வந்தால் மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். பிஸ்மில்லாஹ் கான் என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது அப்போதுதான். இப்படியும் ஒரு பெயரா என்று நாங்கள் சிரித்தோம்.

பிற்காலத்தில் அவருடைய பிள்ளைப் பருவம் பற்றி யதீந்திர மிஸ்ரா என்ற இந்தி எழுத்தாளர் எழுதியதை அறிந்தபோது, எங்கள் கிணற்றடி நினைவுக்கு வந்தது. 1916இல் பீகாரின் தும்ராவ்னில் பிறந்து, சிறு வயதிலேயே காசியில் தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்கு வந்து வளர்ந்தவர். மாமா அலி பக்ஷ், காசி விசுவநாதர் கோயிலில் ஷெனாய் வாசித்த பெயர்பெற்ற கலைஞர். பாட்டனார் வாசிப்பதைச் சிறுவன் ஒளிந்திருந்து கேட்பானாம். அவர் எழுந்து போனதும், அங்கே கிடக்கும் ஷெனாய்களில் 'இனிக்கும் ஷெனாய்' எது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கி வைப்பானாம். மாமா வாசித்துத் தாளம் சேரும் இடத்துக்கு வந்தால் ஒரு கல்லைத் தரையில் ஓங்கித் தட்டுவானாம். அதுதான் அவனுடைய பாராட்டு! படம் பார்க்க ஆறு பைசா வேண்டும். மாமா இரண்டு, பெரியம்மா இரண்டு, பாட்டி இரண்டு. பாட்டில் தமக்கு முதல் ஈடுபாட்டை ஊட்டியவர்கள் ரசூலன்பாய், பதூலன்பாய் என்ற சகோதரிகள் என்று முதுமையிலும் அவர் சொல்லி வந்தார். பயிற்சிக்குப் போகும் வழியில் அவர்கள் வீட்டுப் பாட்டைக் கேட்பதற்காகவே அந்தத் தெருவால் போவாராம்.

இந்தியா சுதந்திரம் பெற்ற 1947இல் டில்லி செங்கோட்டையில் வாசித்தவர், 2001இல் பாரத ரத்னா பெற்றவர், 2006இல் மறைந்தார். இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. எனக்கு அந்த இரண்டிரண்டு பைசாக்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. தொழுகைதோறும் இறைவனிடம் நல்ல சுரத்தைக் கேட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு இங்கே நான் பத்வா எழுதப் புறப்படவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அரபுக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் ஓதியதைக் கேட்ட உஸ்தாத், "வக்பு செய்யும் இடம் உனக்குத் தவறுவதில்லையே, எந்த மதரஸாவில் ஓதினாய்?" என்றார். கிணற்றடியில் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மாமா என்று மட்டும் சொன்னேன்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. கையில் கொண்டுபோக முடிந்தது கொஞ்சம். மாமாவின் கெசட் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. றபானை மாமி துணியில் சுற்றி எடுத்து வந்தார். புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள் அது பல வருடம் தொங்கியது. கலியாணங்கள் அங்கும் நடந்தன. மாமாவை அழைக்கவும் செய்தார்கள். அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் உம்மா காரணம் கேட்டபோது, "கிணற்றடி இல்லையே" என்றார். சாச்சியின் குடும்பம் வேறொரு முகாமில் இருந்தது. 2003இல் மாமா முகாமிலேயே மௌத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

பிஸ்மில்லாஹ் கானின் வாசிப்பை இன்று எவரும் நினைத்த நேரத்தில் கேட்கலாம். மாமாவின் குரல் எங்களிடம் ஒரு நிமிடம்கூட இல்லை. 2009இல் போர் ஓய்ந்த பின் ஊர் திரும்பியபோது வீட்டின் அத்திவாரம்தான் பற்றைக்குள் கிடந்தது. எனினும் பட்டாணிச்சூர்ப் பக்கம் எங்களைப்போல் வெளியேறாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. 1990க்கு முந்திய கலியாணக் கெசட் எதுவும் உங்கள் அலுமாரி மூலையில் கிடந்தால், வீசிவிடுவதற்கு முன் ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள், சகோதரிகளே. பின்னணியில் பிள்ளைகளின் சத்தமும், றபான் ஒன்றும், சொல்லை அறுக்காத ஒரு குரலும் கேட்டால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

உம்மா இப்போது தண்ணீரூற்றில் ராத்தாவுடன் இருக்கிறார். சுளகில் அரிசி புடைக்கும்போது மாமாவின் மெட்டுகளை மெல்ல முணுமுணுப்பார். என் ஸலாம் கேட்டால் நிறுத்திவிடுவார், மகன் மௌலவியல்லவா! அதனால் நான் படலைக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து திண்ணையில் அமர்ந்துகொள்கிறேன். உம்மா பாட்டை முடித்த பிறகுதான் ஸலாம் சொல்கிறேன்.