குழாயைத் தொடாத கண்ணாடிக்காரர்
டேல் சிஹூலிக்கு 1976-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் இடது கண் பார்வை போச்சு. 1979-ல் கடல் அலையில் விளையாடும்போது தோள்மூட்டு விலகினதுல, ஊதுகுழாயைத் தூக்கவும் முடியல. வேற ஆளா இருந்தா கடையைச் சாத்தியிருப்பார். இவர் குழாயை இளைஞர்கள் கையில கொடுத்துட்டு, படம் வரைஞ்சு காட்டி, தள்ளி நின்னு சொல்ல ஆரம்பிச்சார்.

உருகின கண்ணாடி 1000 டிகிரிக்கு மேல சூடா இருக்கும். உருட்டறதை நிறுத்தினா தொங்கிடும். பெரிய உருப்படின்னா ஒருத்தர் ஊத, ஒருத்தர் உருட்ட, இன்னொருத்தர் அனல் படாம மறைப்பு பிடிக்கணும். தனி ஆளால ஆகாதுங்க.

சியாட்டில்ல 2012-ல் திறந்த அவரோட கண்ணாடித் தோட்டத்துல, தலைக்கு மேல 100 அடி நீளத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமா பூக்கள். "இது அவர் வேலையா, பசங்க வேலையா?"ன்னு கூட வந்த நண்பர் கேட்டார். எனக்குச் சுருக்குன்னுச்சு. நானும் புரோகிராம் எழுதறதை விட்டு, எழுதறவங்களை மேய்க்க வந்து ரெண்டு வருஷமாச்சு. சாயங்காலம் யோசிச்சா, 'இது நான் செஞ்சது'ன்னு காட்ட ஒண்ணும் இருக்காது.

எந்த நிறம், எந்த வளைவு, எங்க நிறுத்தணும்னு சொல்றதும் வேலைதான். ஆனா ஊதினவங்க பேரையும் சொல்லணும். அடுத்த ரிலீஸ் மெயில்ல பசங்க பேர்தான் முதல்ல. நீங்க என்ன சொல்றீங்க?