திரையில் எதைத் தேடுகிறார்கள்?

இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் தாய்லாந்துத் தொடர்களை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பார்க்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் யூடியூப் வழியாக உலகெங்கும் பரவிய அத்தொடர்கள் நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தன. நிஸ்வான் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் என்னிடம் தாய்மார்களே இதைச் சொன்னார்கள், பெரும்பாலும் அழுதபடி.

மார்க்கத்தின் தீர்ப்பில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. லூத் (அலை) அவர்களின் சமூகத்தைப் பற்றிய வசனங்களை வகுப்பில் மறைக்காமல் விளக்குகிறேன். தாய்மார்களின் கேள்வியோ வேறு: "செல்போனைப் பிடுங்கிவிடட்டுமா ஆலிமா? படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கட்டுமா?"

சீனாவில் 2019இல் 'தி அன்டேம்டு' என்ற தொடர் வெளியானது. மூல நாவலில் இருந்த ஆண்களின் காதல், தணிக்கைக்கு அஞ்சித் தொடரில் நட்பாக மாற்றப்பட்டது. ரசிகைகளோ பார்வையிலும் மௌனத்திலும் அந்தக் காதலைக் கண்டுகொண்டார்கள். ஓர் அரசாங்கத்தால் இயலாததை அலமாரிப் பூட்டு சாதிக்குமா?

தஃப்ஸீர் வகுப்பு முடிந்து தனியே நின்ற மாணவி ஒருத்தியிடம், "அதில் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். வெகுநேரம் தரையையே பார்த்திருந்தவள் சொன்னாள்: "கையைப் பிடிக்கும் முன்னால்கூட அவன் கேட்கிறான் ஆலிமா. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறான்." எல்லாத் தொடர்களும் அப்படியில்லை, சிலவற்றில் வற்புறுத்தலும் உண்டு என்று அவளே ஒப்புக்கொண்டாள். மறுக்கும் பெண்ணை நாயகன் விரட்டி விரட்டிக் காதலிக்கும் தமிழ்ப் படங்களை நாம் குடும்பத்தோடு அமர்ந்து ரசித்தோமே, அப்போது எவரும் என்னிடம் ஃபத்வா கேட்டு வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவினார்கள் என்பது பயானில் கேட்கும் செய்தியாகவே நின்றுவிட்டது. தன் அத்தா அடுப்படிக்குள் வந்து அந்தப் பிள்ளை பார்த்ததில்லை.

மகள் உறங்கியபின் செல்போனைத் துழாவும் தாய்மார்களுக்கு ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை நினைவூட்டுகிறேன். துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் அங்கே தடுக்கிறான். பார்ப்பவள் எல்லோருக்கும் அந்த நாட்டம் உண்டென்று முடிவுகட்டுவதும் அநியாயம். அவ்வாறான உணர்வு உள்ளுக்குள் இருந்து, யாரிடமும் சொல்லமுடியாமல் தவிக்கும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கலாம். அழையாமல் வரும் எண்ணத்திற்காக அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை என்பதை முதலில் அவர்கள் நம் வாயால் கேட்க வேண்டும். வசையும் அடியும் முந்திக்கொண்டால் அந்தப் பிள்ளை வேறெங்கே போகும்?

விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது சபையினர் அதட்டினார்கள். நபியவர்கள் அவரை அருகில் அழைத்து அமர்த்தி, கேள்விகளால் சிந்திக்க வைத்து, அவர்மீது கைவைத்து துஆச் செய்தார்கள். அனுமதியும் தரவில்லை, அவமானப்படுத்தவும் இல்லை.

சென்ற வாரம் ஒரு தகப்பனார், தம் மகள் என்னதான் பார்க்கிறாள் என்று என்னிடம் விசாரித்தார். அவளிடமே கேளுங்கள் என்றேன். அவளோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினார் என்பது அவருக்கு நினைவில் இல்லை.