முக்கொம்பு முதல் கல்லணை வரை: கைபேசியில் ஒரு பாதை

மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. இடையில் உள்ள தீவில்தான் ஸ்ரீரங்கம் இருக்கிறது. கிழக்கே கல்லணையில் இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்குகின்றன. டெல்டா வயலுக்குப் பாயும் நீரின் வழியைக் குடும்பத்தோடு ஒரே நாளில் பார்த்து வரலாம்.

கூகுள் மேப்பில் திருச்சி, கல்லணை என்று மட்டும் கொடுத்தால், சீக்கிரம் போய்ச் சேரும் சாலையைத்தான் காட்டும். விரும்பிய வழியில் போக, இடையில் நிற்கும் ஊர்களையும் சேர்க்க வேண்டும். முக்கொம்பு, அம்மா மண்டபம், ஸ்ரீரங்கம் கோயில், திருவானைக்காவல், திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கல்லணை என்பது நல்ல வரிசை. வரிசை மாறிவிட்டால் விரலால் இழுத்துச் சரிசெய்யலாம். அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் கைகொடுக்கும்.

திருவானைக்காவலைத் தாண்டியதும் வாழைத் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால், ஆற்றில் வெள்ளம் பெருகினால் உத்தமர்சீலி தரைப்பாலம் மூழ்கிவிடும். கைபேசி அப்போதும் அதே சாலையைக் காட்டக்கூடும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 9 மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன. அந்த நீரின் முன் டிராக்டரும் நிற்காது.

ஆகவே, சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகச் செல்லும் தென்கரைச் சாலையை மாற்றுப் பாதையாகப் பார்த்து வைக்க வேண்டும். ஆடி, ஆவணியில் கிளம்புவோர், எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று காலைச் செய்தியில் தெரிந்துகொண்டு வண்டியை எடுப்பது நல்லது. தரைப்பாலத்தின் நிலவரத்தை உள்ளூர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.